இலக்கியம் எவர்க்கு உரியது?

பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவர் இரவில் கல்லூரி சென்று ஷேக்ஸ்பியரின் நாடகத்தைப் பயில்வதால் யாருக்கு என்ன பயன் என்னும் வினா, அமெரிக்க நாட்டில் பல்லாண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. அவ்வினாவிற்கு மழுப்பாது விடைகூற முற்பட்ட நூல் ஒன்றை அண்மையில் படித்து முடித்தேன். 'இன் தி பேஸ்மென்ட் ஆஃப் தி ஐவரி டவர்' என்பது அதன் பெயர். 'தந்தக் கோபுரத்தின் நிலவறையில்' என்று தமிழில் சொல்லலாம். உலக நடப்பினின்று ஒதுங்கி நிற்கும் பல்கலைக் கழகத்தைத் தந்தக் கோபுரம் என்பது மேனாட்டார் வழக்கு. கோபுரத்தின் உச்சியில் பேரறிஞர் வீற்றிருக்க, அடியிலுள்ள நிலவறையிலே குறைந்த ஊதியத்திற்கு, எழுதத் தடுமாறும் மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியரின் வரலாறு இது. அவர் தம் பெயரை வெளியிடவில்லை. 'புரொபசர் எக்ஸ்' என்றே ஒப்பமிட்டுள்ளார். 2008-இல் 'அட்லாண்டிக்' என்னும் இதழில் அவர் எழுதிய கட்டுரை பெரும் வாதத்தைக் கிளப்பிற்று. அதனை விரித்து 2011-இல் நூலாக்கினார். ஆண்டுகள் பல கடந்தும் அந்நூல் எழுப்பிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆகலின் அதனை ஈண்டு ஆராய்தல் பொருந்தும் என நினைக்கிறேன்.

முதற்கண், அவர் பாடஞ் சொல்லும் இடம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். அமெரிக்காவில் சமூகக் கல்லூரி எனப்படுவது பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புக்குரிய பொதுக் கல்லூரியாகும். இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கிய கல்லூரி அவ்வகையில் மூத்தது. 1947-இல், குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமர்த்திய உயர்கல்விக் குழு, இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பெருக வேண்டுமெனப் பரிந்துரைத்து, 'சமூகக் கல்லூரி' என்னும் பெயரையும் பரவச் செய்தது. இன்று ஆயிரம் அளவில் உள்ள அக்கல்லூரிகளின் கதவு எவர்க்கும் திறந்திருக்கிறது. பள்ளியை விட்டு இருபதாண்டு கழிந்தவரும் சேரலாம். அண்மையில் அந்நாட்டிற் குடியேறியவரும் சேரலாம். ஆனால், உள்ளே நுழைந்தவர் மேற்செல்வதற்கு மற்றொரு சிறு வாயிலைக் கடந்தாக வேண்டும். அதுவே 'இங்கிலீஷ் 101' எனப்படும் கட்டுரைப் பாடம். பல இடங்களில் அதனையடுத்து 'இங்கிலீஷ் 102' என்னும் இலக்கிய அறிமுகப் பாடமும் உண்டு. மருத்துவமனையில் பணியாற்றுவோரும், காவற்படையில் இருப்போரும், அலுவலக ஊழியரும், பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டுமென்பதால் இப்பாடங்களுக்கு வருகிறார்கள்.

நமது ஆசிரியர் பகலில் அரசாங்க ஊழியர். தம் சக்திக்கு மீறிய விலையில் வீடு வாங்கிக் கடன் சுமையில் அகப்பட்டுக்கொண்டதால், இரவில் கற்பிக்கச் சென்றவர். ஒரு சிறு தனியார் கல்லூரியிலும் ஒரு சமூகக் கல்லூரியிலும் இவ்விரு பாடங்களையும் நடத்துகிறார். அவருக்கு மாதச் சம்பளம் இல்லை; பாடத்திற்கு இவ்வளவு என்று பேசிய கூலிதான். அடுத்த தவணையில் வகுப்பு உண்டா இல்லையா என்பதும் உறுதியில்லை. அந்நாட்டுச் சமூகக் கல்லூரிகளில் கற்பிப்போருள் ஏறத்தாழ மூவரில் இருவர் இத்தகைய பகுதிநேர ஆசிரியரே. அந்நிலையை இவர் மறைக்காமல் எழுதுகிறார். கட்டுரை கட்டுரையாகத் திருத்திக் கை சோர்வதையும், குறைந்த மதிப்பெண் இடும்போது மனம் படும் பாட்டையும் எடுத்துரைக்கும் இடங்கள் உண்மையின் ஒளி பெற்றவை. தம்மைப் பெரிய தியாகியென்று காட்டிக்கொள்ளாத பண்பு பாராட்டத்தக்கது. ஆசிரியத் தொழிலைப் பற்றிய நூல்களில் பல, கல்லாத மாணவரை ஓராண்டில் மேதையாக்கிய அற்புதக் கதைகளாகவே முடிகின்றன. இவர் அத்தகைய பொய்யைச் சொல்லவில்லை.

2008-ஆம் ஆண்டுக் கட்டுரையில், நாற்பது வயதைக் கடந்த மாணவி ஒருவரைப் பற்றி அவர் எழுதியதே பலரையும் உலுக்கியது. அம்மாதின் பெயர் முதலெழுத்தால் மட்டுமே குறிக்கப்படுகிறது. கணினியில் தேடிப் பழகாதவர். ஆய்வுக் கட்டுரை என்பது யாது என்றே விளங்காதவர். ஆசிரியர் சிறிது உதவுகிறார். கட்டுரையும் வந்து சேர்கிறது. ஆனால் அது ஆய்வுக் கட்டுரையாக இல்லை. தேர்ச்சியில்லை என்று முடிவெழுதுகிறார். அம்மாது உழைப்பில் குறை வைத்தவரல்லர். கல்வி பெற்றால் உயரலாம் என்று நாடு சொன்னதை நம்பி வந்தவர். இத்தகையோரைத் தேர்ச்சி பெறவே இயலாத வகுப்புகளிற் கொண்டுவந்து நிறுத்துவது அறமாகுமா என்று ஆசிரியர் கேட்கிறார். இலக்கியத்தின் பயனை அவர் மறுக்கவில்லை. ரால்ஃப் எல்லிசனின் 'இன்விசிபிள் மேன்' என்னும் நாவலைப் பயின்ற காவலர், நிறத்தைக் கொண்டு மனிதரை ஐயுறுவதைக் குறைத்துக் கொள்வாரோ என்றும், ஸ்டைன்பெக்கைப் பயின்றவர் ஏழையிடம் இரக்கங் காட்டுவாரோ என்றும் தாமே எண்ணிப் பார்க்கிறார். நல்லதுதான், ஆனால் இவர்களால் இயலவில்லையே என்பதுதான் அவரது முடிவு.

'இயலவில்லை' என்னும் இச்சொல்லே நம் ஆராய்ச்சிக்குரியது. ஒருவரால் ஒன்று இயலவில்லை என்று கூறுமுன், அவர் செய்ததை நாம் சரியாகப் படித்தோமா என்று பார்க்க வேண்டும். இவருக்கு முப்பதாண்டுகளுக்கு முன்னரே ஒருவர் அவ்வாறு படித்துக் காட்டியிருக்கிறார். மீனா ஷாக்னெசி என்னும் அம்மையார் நியூயார்க் நகரத்துச் சிட்டி காலேஜில் ஆசிரியராக இருந்தவர். அது நான்காண்டுக் கல்லூரி. 1970-இல் அந்நகரப் பல்கலைக் கழகம், நகரப் பள்ளிகளில் தேறிய அனைவர்க்கும் இடந்தருவதென முடிவு செய்தது. அதுவரை உள்ளே காணாத மாணவர் ஆயிரக்கணக்கில் வந்தனர். அவர்களுடைய எழுத்தைக் கண்டு ஆசிரியர் பலர் திகைத்தனர். அம்மையாரோ அம்மாணவர் எழுதிய ஏறத்தாழ நாலாயிரம் கட்டுரைகளை எடுத்து வைத்து, பிழைகளை வகைப்படுத்தி ஆராய்ந்தார். 1977-இல் வெளிவந்த 'எர்ரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்னும் நூல் அவ்வாராய்ச்சியின் பயன். மறு ஆண்டே அவர் காலமானார். மாணவர் செய்யும் பிழைகள் மனம்போன போக்கில் விளைவன அல்ல, அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு, அவ்வொழுங்கைக் கண்டுகொண்டால் கற்பிக்கலாம் என்பதே அவர் கண்ட உண்மை.

தமிழர்க்கு இதனை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. 'வந்தாங்க' என்று பேசி வளர்ந்த சிறுவன், தாளில் 'வந்தாங்க' என்றே எழுதுகிறான். அவன் மந்தபுத்தியுடையவனா? காதில் விழுந்ததைச் செவ்வையாக எழுதியவன் அன்றோ அவன்! 'வந்தார்கள்' என்பது ஏட்டு வழக்கு. அதனைக் கண்ணாற் பல்லாயிரம் முறை கண்டாலன்றிக் கை எழுதாது. வீட்டில் ஏடே இல்லாதவன் அதனை எங்கே காண்பான்? ஆங்கிலத்திலும் இதே நிலைதான். இறந்தகாலங் காட்டும் இறுதி ஒலி, பேச்சில் பெரும்பாலும் விழுங்கப்படுகிறது. கேட்டே பழகியவர் எழுதும்போது அதனை விட்டுவிடுவார். இவ்வுண்மையை உணர்ந்த ஆசிரியர்க்குச் சிவப்பு மையாற் சுழிக்கப்பட்ட தாள், மாணவர் எதுவரை வந்திருக்கிறார் என்பதைக் காட்டும் அடையாளமாகும். புரொபசர் எக்ஸ் பிழைகளைக் காண்கிறார், வருந்துகிறார், அவற்றின் காரணத்தைத் தேடிச் செல்லவில்லை. நூலின் பெருங்குறை இதுவென்பேன்.

இரண்டாவதாக, 'இவர் தகுதியற்றவர்' என்று முடிவெழுதும் ஏடு எத்துணை நம்பத்தக்கது என்பதையும் கேட்க வேண்டும். மைக் ரோஸ் என்னும் கல்வியறிஞர் 1989-இல் வெளியிட்ட 'லைவ்ஸ் ஆன் தி பௌண்டரி' என்னும் நூலில் தம் வரலாற்றைக் கூறுகிறார். இத்தாலியிலிருந்து குடியேறிய ஏழைப் பெற்றோரின் மகன். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தென்பகுதியில் வளர்ந்தவர். உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தபோது, ரோஸ் என்னும் பெயருடைய மற்றொரு மாணவனின் தேர்வு முடிவு இவருடையதோடு மாறிவிட்டது. அதனால் கைத்தொழில் வகுப்பில் தள்ளப்பட்டு, இரண்டாண்டு அங்கேயே இருந்தார். உயிரியல் ஆசிரியர் ஒருவர் ஐயுற்று ஏடுகளைப் பார்த்த பின்னரே பிழை வெளிப்பட்டது. அச்சிறுவன் பிற்காலத்தில் பல்கலைக் கழகப் பேராசிரியராகி, கல்லூரிக் கட்டுரை வகுப்பில் தடுமாறுவோர்க்காகவே வாழ்நாள் முழுதும் எழுதி, 2021-இல் மறைந்தார்.

தோட்டத்துக் கிராணியாகிய எனக்கு இச்செய்தி நூல்களிற் கண்ட மற்றெல்லாவற்றினும் ஆழமாகப் பதிந்தது. எங்கள் செக்ரோலில் ஒரு வரி பிசகினால், ஒருவருடைய நாட்கூலி மற்றொருவர் கணக்கில் ஏறிவிடும். சம்பள நாளில் கூலி குறைந்தவர் அலுவலக வாயிலில் வந்து நிற்பார். ஏட்டைப் புரட்டித் திருத்திவிடலாம். அவருக்குத் தாம் எத்தனை நாள் பிரட்டுக்கு வந்தோம் என்பது தெரியும். பள்ளி ஏட்டில் தவறாக எழுதப்பட்ட சிறுவனுக்கோ தன் அறிவின் அளவு தெரியாது. ஏடு சொன்னதை அவனே நம்பிவிடுகிறான். இரண்டாண்டிற்குப் பின் ஓர் உயிரியல் ஆசிரியர் வாய்க்காதவர் எத்தனை பேர்!

இது தனிமனிதர் ஒருவருக்கு நேர்ந்த விபத்தென்று தள்ளிவிடவும் இயலாது. சமூகக் கல்லூரியிற் சேர்வோரை ஒரு சிறு தேர்வின் வழியாகப் பிரித்து, குறைந்த மதிப்பெண் பெற்றவரைக் கட்டுரைப் பாடத்திற்கு முந்திய அடிப்படை வகுப்புகளில் ஓரிரு தவணை நிறுத்தி வைப்பது நெடுங்கால வழக்கம். இவ்வகுப்புகளுக்கும் கட்டணம் உண்டு; பட்டத்திற்கோ அவை கணக்கில் வாரா. கொலம்பியா பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர் ஜூடித் ஸ்காட் கிளேட்டனும் அவருடன் ஆராய்ந்தோரும் 2014-இல் வெளியிட்ட கட்டுரை, ஆங்கிலத்தில் இத்தேர்வு எழுதியோருள் மூவரில் ஒருவர் அளவினர் பெரிதும் தவறான வகுப்பில் அமர்த்தப்பட்டனர் என்று காட்டிற்று. மேல் வகுப்பில் நன்கு தேறக்கூடியவர் கீழே தள்ளப்பட்டதே அத்தவறுகளுள் மிகுதி. அத்தகைய தேர்வுகளுள் ஒன்றாகிய 'கம்பாஸ்' 2016-இல் கைவிடப்பட்டது. மூன்று வரிக்கு ஒரு வரி பிழையாக எழுதும் கிராணியை எந்தத் தோட்டத்தில் வைத்திருப்பார்கள்?

மூன்றாவது, காலம். ஒரு தவணை என்பது பதினைந்து வாரம் அளவு. வாரத்திற்கு ஓரிரவோ ஈரிரவோ வகுப்பு. மாணவர் வேலை முடித்து வருகிறார், வீட்டில் குழந்தைகள். ஆசிரியரும் பகல் வேலை முடித்தே வருகிறார். வகுப்பு முடிந்தபின் மாணவரோடு அமர்ந்து பேச அவர்க்கு நேரமுமில்லை, பெரும்பாலும் அறையுமில்லை. இவ்விரு வறுமைகளையும் புரொபசர் எக்ஸ் கண்ணாரக் கண்டு எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, விளைவை மாணவரின் அறிவுக் கணக்கில் பற்று எழுதுகிறார். காலத்தின் குறையை மூளையின் குறையாகக் கொள்வது எந்தக் கணக்கு முறை?

இக்கேள்விக்கு விடையாக அந்நாட்டிலேயே சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் வட்டாரச் சமூகக் கல்லூரியில், பீட்டர் ஆடம்ஸ் என்னும் ஆசிரியரும் தோழர்களும் 2007-இல் ஒரு மாற்றஞ் செய்தனர். அடிப்படை வகுப்புக்கு அனுப்பப்பட வேண்டிய மாணவரை, நேராக இங்கிலீஷ் 101 வகுப்பிலேயே ஏனையோருடன் அமர்த்தினர். அவ்வகுப்பு முடிந்ததும் அம்மாணவர் மட்டும் அதே ஆசிரியரிடம் மேலும் ஒரு வகுப்பு இருப்பர். வேலையிடத்துத் தொல்லை, பிள்ளையின் காய்ச்சல், புரியாத ஒரு வாக்கியம் ஆகிய எல்லாவற்றையும் அங்கே பேசலாம். பழைய முறையிற் சென்றவரைவிட இவர்களில் கட்டுரைப் பாடத்தை முடித்தவர் தொகை குறிப்பிடத்தக்க அளவு மிகுந்தது. பிற மாநிலங்களும் இம்முறையை மேற்கொண்டன. கலிபோர்னியாவில் 2017-இல் இயற்றப்பட்ட ஏபி 705 என்னும் சட்டம், பள்ளியில் பெற்ற மதிப்பெண்ணைக் கருத்திற் கொள்ளவும், மாணவரைத் தேவையின்றி அடிப்படை வகுப்பில் நிறுத்தாதிருக்கவும் கட்டளையிட்டது. அதன்பின் முதலாண்டிலேயே கட்டுரைப் பாடத்தைக் கடந்தவர் பெருகினர். எல்லாரும் தேறிவிட்டனர் என்பதில்லை. தவறியவரும் பலர் உண்டு. ஆயினும் 'இயலாது' என்று ஒதுக்கப்பட்டோருள் கணிசமானவர்க்கு இயலும் என்பது செய்து காட்டப்பட்டது.

இனி, இலக்கியப் பாடத்தைப் பற்றி ஒரு சொல். உழைப்பவர்க்கு இலக்கியம் எதற்கு என்பார்க்கு விடை கூறும்போது, அதனை ஒரு மருந்தாக ஆக்கிவிடுவது நண்பர்கள் பலரும் செய்வது. காவலர் திருந்துவார், தாதி கனிவு பெறுவார் என்பது அவ்வாதம். நமது ஆசிரியரும் அவ்வளவில் நின்றார். எனக்கு அது உடன்பாடன்று. பணக்காரர் வீட்டுப் பிள்ளை ஷேக்ஸ்பியரைப் பயிலும்போது, எந்த நோய் தீர்வதற்கென்று எவரும் கேட்பதில்லையே! ஸ்டைன்பெக் 1939-இல் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்னும் நாவல், நிலமிழந்து ஓக்லஹோமாவினின்று கலிபோர்னியாவிற்குப் பிழைக்கச் சென்ற குடும்பத்தின் கதை. வாடகை கொடுக்க இயலாமல் வீட்டை விட்டு வெளியேறிய அனுபவமுடைய ஒரு மாணவி அதனைப் படிக்கும்போது, ஆசிரியர் அறியாத ஒன்றை அவர் அறிந்திருக்கிறார். அறிந்ததைச் சொல்லும் முறைதான் அவர்க்குத் தேவை. இலக்கிய வகுப்பும் கட்டுரை வகுப்பும் ஒன்றையொன்று சேர வேண்டிய இடம் அதுவே. பிறர் எழுதியதில் தம் வாழ்வைக் கண்டவர், தம் வாழ்வைத் தாமே எழுதத் தொடங்குவார்.

இவ்விடத்தில் நம்மவர் நிலையையும் நினையாதிருக்க முடியவில்லை. நான் பயின்ற ஆங்கிலப் பள்ளியில் கடிதம் எழுதக் கற்பித்தார்கள். 'தங்கள் கடிதம் கிடைத்தது', 'இத்துடன் இணைத்துள்ளேன்', 'பணிவன்புடன்' என்னும் வாய்பாடுகள் இன்றும் உறக்கத்திலும் வரும். ஒரு பொருளைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய், ஏன் அவ்வாறு நினைக்கிறாய், எழுது என்று அங்கு எவரும் கேட்டதில்லை. ஆங்கிலம் கற்றவன் என்று தோட்டத்தார் என்னிடம் மனு எழுத வருகிறார்கள். அவர்கள் வாயால் சொல்லும் வழக்கில் உள்ள உயிர், என் வாய்பாட்டில் விழுந்ததும் வற்றிவிடுகிறது. படியெடுக்கும் கல்வி பிறர் கருத்தைச் சுமக்கும் ஆட்களையே உண்டாக்கும். மலேசியாவில் 2001 முதல் நடைபெற்று வரும் சமூகக் கல்லூரிகள் கைத்தொழிற் பயிற்சியையே முதன்மையாகக் கொண்டவை. தொழில் வேண்டியதே, அதனை இகழ்வார் இலர். ஆனால் கைக்குத் தொழில் கொடுத்தபின் கருத்துக்கு மொழி கொடுக்கத் தேவையில்லை என்று எவரேனும் நினைப்பாராயின், அவர் புரொபசர் எக்ஸின் முடிவை அவர் கொண்ட வருத்தமுமின்றி ஏற்றுக்கொண்டவர் ஆவார்.

எல்லார்க்கும் தேர்ச்சி வழங்கிவிட வேண்டும் என்பது என் வாதமன்று. ஆய்வுக் கட்டுரையல்லாததை ஆய்வுக் கட்டுரையென்று ஒப்புக்கொள்வது ஏமாற்று வித்தை. இரக்கத்தால் இடப்படும் மதிப்பெண்ணும் ஒருவகை இழிவே. அம்மாதின் கட்டுரைக்கு அவ்வாசிரியர் இட்ட முடிவு நேர்மையானது என்றே கொள்வோம். என் வழக்கு அதன் பின்னர்த் தொடங்குகிறது. அக்கட்டுரை தவறியது என்பதிலிருந்து, அம்மாது கல்லூரிக்கு உரியவரல்லர் என்னும் முடிவுக்கு அவர் எந்தப் படியேறிச் சென்றார்? இடையிலே எத்தனை படிகள் விடுபட்டன! கணினியில் தேடுவதை ஒரு வாரம் கற்பித்திருந்தால்? முதற்படியைத் திருத்தி இரண்டாம்படி எழுதச் சொல்லியிருந்தால்? அதற்குரிய கூலியைக் கல்லூரி அவ்வாசிரியர்க்குக் கொடுத்திருந்தால்? இவற்றையெல்லாம் செய்து பார்த்தபின், இயலவில்லை என்று எழுதினால் நாம் தலைவணங்கிக் கேட்கலாம். செய்து பாராத ஒன்றை இயலாதென்று எழுதுவது தீர்ப்பாகாது. சோர்வின் குரலாகவே கொள்ளப்படும்.

ஆயினும் இந்நூலைத் தள்ளிவிடுக என்று சொல்லேன். நிலவறையில் நிற்பவரன்றி வேறெவரும் காணாத காட்சிகள் இதில் உள. கட்டணம் வாங்கும் கல்லூரி, மாணவரையும் ஆசிரியரையும் எவ்வளவு மலிவாக நடத்துகிறது என்பதற்கு இஃதொரு நல்ல சாட்சி. ஆங்கிலம் அறிந்த அன்பர்கள், சிறப்பாக ஆசிரியத் தொழிலில் உள்ளோர், இதனைப் படிக்க வேண்டும். படித்து முடித்தவர் ஷாக்னெசியின் நூலையும் ரோஸின் நூலையும் தொடர்ந்து படிப்பாராக. முன்னது நோயை மட்டும் சொல்கிறது; பின்னிரண்டும் நோயின் காரணத்தையும் அதனைத் தீர்க்கும் வழியையும் ஆராய்கின்றன. மூன்றையும் கற்ற ஆசிரியர், மறுநாள் தம் வகுப்பின் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையின் நோட்டை எடுத்துப் பார்க்கும்போது, பிழைகளை எண்ணுவதற்கு முன் அப்பிள்ளை என்ன சொல்ல முயல்கிறது என்று கேட்பாரானால், அதுவே இந்நூல்களைக் கற்றதன் பயனாகும்.